பெரிசு சொன்னால் யார் நம்புவார்கள்?

போன மாதம் எங்கள் பத்திரிகையில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் சிலர் குன்றத்தூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். பத்திரிகை என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். காகிதத்தில் வருவது நின்றுபோய் இப்போது எல்லாமே வீடியோதான். "மேடம், பெரிசை மறுபடியும் கொண்டு வரப்போறோம். அவர் டயலாக்கை எல்லாம் எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். டயலாக்கை எழுதித் தருவது பெரிய வேலை இல்லை. எங்கள் கடிதப் பக்கத்துப் பெரிசு ஏன் போனார் என்பதைச் சொல்லாமல் அதை மட்டும் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 'ஆறாம் பட்டன்' என்பது வீடியோ கேம் பற்றிய மாத இதழ். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு கேமுக்கென்று காகிதத்தில் பத்திரிகையா என்று சிரித்தவர்கள் நிறைய. ஆனால் இந்தப் பக்கம் பல கம்பெனிகளில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பிரேக்கில் பையன்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேம் ஆட முடியாது. கேமைப் பற்றிப் படிக்கலாம், பேசலாம், சண்டை போடலாம். இதழை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனால் செக்யூரிட்டியும் கண்டுகொள்ள மாட்டார். கேன்டீனில் ஒரு பிரதி கைமாறிக் கைமாறி அட்டை கிழியும்வரை ஓடும்.

போன் இல்லாத இடத்தில் பேச்சு வேகமாகப் பரவும். எங்கள் இதழில் நட்சத்திரம் போட்டு மார்க் கொடுக்கிற வழக்கமே கிடையாது. கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஆட ஆரம்பித்தால் எந்த ஊர் வரும்வரை அலுக்காது என்பதுதான் கணக்கு. நல்ல கேம் என்றால் 'வாலாஜாபாத் வரை தாங்கும்'. மோசமான கேம் 'பஸ் வருவதற்குள் செத்தது'. தோற்றுப்போய் சிக்னலைக் குறை சொல்லி எழுதுகிறவனுக்கு ஒரே பதில்: 'இதுக்கும் நெட்டுதான் காரணமா?' எங்கள் விமர்சகர் ஒருவர் பஜ்ஜி சாப்பிட்ட கையோடு ஆடிவிட்டு, பட்டன் சரியில்லை என்று எழுதிவிட்டார். அதிலிருந்து குறை சொல்கிற எல்லாருக்கும் 'கட்டைவிரலைக் கழுவிட்டு வா' என்று பதில் போட ஆரம்பித்தோம். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் போர்டு தொடுகிற அசெம்பிளி லைன்களில் சூப்பர்வைசர்களே இதைச் சொல்லுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏனென்றால் அதையெல்லாம் எழுதியது நான்.

நான் கேம் தெரிந்து வந்தவள் இல்லை. காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை போனதும் இங்கே புரூஃப் பார்க்க வந்தேன். பிழை திருத்தித் திருத்தியே கேம் பழகியது. கடிதப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்த பையன் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த வாரம் பேப்பர் ஏஜெண்டை நான் போனில் திட்டிக்கொண்டிருந்ததை ஆசிரியர் வரதராஜன் சார் நின்று கேட்டார். போனை வைத்ததும், "ஸ்டெல்லாம்மா, இதே மாதிரி வாசகர்களைத் திட்ட முடியுமா?" என்றார். அப்படித்தான் பெரிசு பிறந்தார். வழுக்கைத் தலை, மீசை, தோளில் துண்டு என்று ஒரு படம் போட்டார்கள். பதிலெல்லாம் என்னுடையது. வாசகன் யாராக இருந்தாலும் பெரிசுக்கு அவன் 'டேய் பொரியுருண்டை'தான். பரிசு வேண்டுமென்று ஒருவன் லஞ்சமாகப் பொரியுருண்டை பார்சல் அனுப்பியதில் வந்த பெயர் அது.

பெரிசு ஒரு பெண் என்பது வெளியே போகக்கூடாது என்பது சாரின் கட்டளை. வாசகர்கள் தேடி வந்தால், "இப்பதான் டீ குடிக்கப் போனார்" என்று சொல்ல வேண்டும். எத்தனையோ தடவை நானே வாசலில் நின்று அதைச் சொல்லியிருக்கிறேன். பையன்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வந்தா கேட்டதா சொல்லுங்க மேடம்" என்று போவார்கள். சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

வரதராஜன் சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலைக்கு நேற்று வந்தவனையும் 'நீங்க' என்பார். 'பார்க்கலாம்மா' என்றால் முடியாது என்று அர்த்தம். கோபம் வந்தால் எழுந்து போய் ஃபேனை நிறுத்துவார். காகிதம் ஒன்றும் அசையாது, நமக்கு வியர்த்துக் கொட்டும், அவர் மெதுவாகப் பேசுவார். அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு 'மாசப் பொய்'. ஒவ்வொரு இதழிலும் எங்காவது ஒரு பொய்ச் செய்தி ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து, 'புடிச்சிட்டேன் பெரிசு' என்று எழுதிப்போட வேண்டும். சரியாகச் சொன்னவர்களில் ஒருவருக்குப் பரிசு. அந்தப் பொய்யைத் தயாரிக்கிற விதமே தனி. அது யாரையும் புண்படுத்தக்கூடாது, யாருக்கும் செலவு வைக்கக்கூடாது. புரூஃப் அன்றைக்கு சார் நின்றுகொண்டு அதை உரக்க வாசிப்பார், நாங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். யாராவது சிரித்தால் அந்தப் பொய் குப்பைக்குப் போகும். "சிரிப்பு வந்துட்டா அது ஜோக்கும்மா. உண்மை மாதிரி உறுத்தணும்" என்பார். அப்படிப் பழக்கினோம். எதைப் படித்தாலும் சந்தேகப்படுகிற வாசகர் கூட்டம் ஒன்று உருவானது. எங்களுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

பரிசாக முதலில் டீ ஷர்ட் கொடுத்தோம். பிறகு கையடக்கமான கேம் மெஷின்கள் ஒரு பெட்டி மலிவாகக் கிடைத்தது என்று சார் வாங்கிப் போட்டார். மாதம் ஒன்றாக அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒருநாள் வாலாஜாபாத்திலிருந்து ஒரு வாசகர் தன் பரிசை ஒரு துணிப்பையில் எடுத்து வந்தார். மேஜையில் வைத்தால் மெஷின் நேராக உட்காரவில்லை, ஆடியது. உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. விற்ற ஆளுக்கு சார் போன் செய்தார். அவர், "ஒண்ணு ரெண்டு அப்படித்தான் சார் வரும்" என்றார். சார் எழுந்து ஃபேனை நிறுத்தினார். போனில் பேசுகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

அந்த மாத இதழின் உள்பக்கங்கள் எல்லாம் அச்சாகிவிட்டன. அட்டை மட்டும் பாக்கி. பின்னட்டையில் பெரிய எழுத்தில் சார் எச்சரிக்கை எழுதினார். பரிசாகப் பெற்ற கேம் மெஷினில் பேட்டரி உப்பித் தீப்பிடிக்கலாம், உடனே சார்ஜிலிருந்து எடுத்துவிட்டு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள் என்று. நின்றுகொண்டே எங்களுக்கு வாசித்தும் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. நல்லபடியாக எழுதியிருக்கிறோம், தனித்தனியாகப் போன் செய்யத் தேவையில்லை என்று நினைத்து அச்சுக்கு அனுப்பினோம். எங்கள் வாசகர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதழ் கடைக்குப் போன அன்று மாலையே அலுவலக வாட்ஸ்அப் நிரம்ப ஆரம்பித்தது. 'பேட்டரி உப்புமாம். புடிச்சிட்டேன் பெரிசு.' 'இந்த மாசம் ரொம்ப ஈசி பெரிசு.' 'பின்னட்டையிலயே பொய்யா, வயசாயிடுச்சா பெரிசு?' முதல் நாலைந்தைப் படித்து நாங்களும் சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பரிசு வாங்கினவர்களுக்கு சார் ஒவ்வொருவராகப் போன் செய்தார். பொய்யைப் பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள் அவர்கள், அதற்காகத்தானே பரிசே கொடுத்தோம். ஒருவர் பாதிப் பேச்சிலேயே சிரித்துவிட்டு வைத்துவிட்டார். குன்றத்தூரில் ஒரு பெண், "திட்டாம பேசுறீங்க. நீங்க ஆறாம் பட்டனே இல்ல" என்று கட் பண்ணினாள். அவள் என் பக்கத்துத் தெருதான். நானே நேரில் போய் அவள் அப்பாவிடம் சொல்லி மெஷினை வாங்கி வந்தேன். இப்படி ஒவ்வொன்றாக மீட்டு, கடைசியில் ஒன்றுதான் பாக்கி. இசக்கிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கி ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறவன். அவன் போன் எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. 'புடிச்சிட்டேன் பெரிசு. இந்தா பாருங்க, சார்ஜ்லதான் கெடக்கு. ஒண்ணும் ஆவல' என்று கீழே எழுதியிருந்தான். தலையணைமேல் மெஷின், அதில் சொருகிய வயர், பக்கத்தில் தூங்குகிற யாரோ ஒருவனுடைய தலைமுடி. படத்தைப் பெரிதாக்கினேன். மெஷினின் விளிம்பில் மூடி பிளந்து ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. வாலாஜாபாத் மெஷினில் பார்த்த அதே பிளவு.

போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, படத்தை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். படத்தை சாரிடம் காட்டினேன். "போங்கம்மா, உடனே போங்க" என்றார். ஓர் ஆட்டோவைப் பிடித்து ஏறினேன். நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கி நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பையன்மேல், விற்றவன்மேல், எங்கள் எல்லார்மேலும்தான்.

ரூமில் தங்குகிற பையன்களுக்குத் தபால் எல்லாம் பக்கத்துக் கடை முகவரிக்குத்தான் போகும். எங்களிடம் இருந்ததும் அதுதான். கடையில் இருந்த அம்மாவிடம் இசக்கிமுத்து ரூம் எது என்று கேட்டேன்.

"இன்னாம்மா, நீ யாரு அவனுக்கு?" என்றார் அவர். "அல்லாம் நைட் ஷிப்ட்டு முட்ச்சிட்டு தூங்கினு கீதுங்க. சாயங்காலம் வாயேன்."

"ரூம்ல தீப்பிடிக்கப் போகுதும்மா. எந்த ரூம்னு சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேல, கடேசி ரூமு" என்று கையைக் காட்டினார்.

தட்டினேன், தட்டினேன், கை வலிக்கும்வரை தட்டினேன். லுங்கியும் பனியனுமாக ஒரு பையன் கதவைத் திறந்தான். கண் சிவந்திருந்தது.

"இசக்கிமுத்து யாருப்பா?"

"நாந்தான் மேடம். நீங்க?"

"ஆறாம் பட்டன் ஆபீஸ்லேர்ந்து வரேன். அந்த மெஷினை உடனே சார்ஜ்லேர்ந்து எடு. படத்துல பார்த்தேன், உப்பியிருக்கு."

அவன் முகத்தில் தூக்கம் போய்ச் சிரிப்பு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "லேய், எந்திரிங்கலே. ஆபீஸ்ல இருந்தே ஆள் வந்துருக்காவ" என்று உள்ளே பார்த்துச் சொன்னான். யாரும் அசையவில்லை. பிறகு கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தான். "பெரிசு கீழ நிக்காரா மேடம்? வீடியோ எடுக்கீங்களா?"

"வீடியோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நிஜம்பா. அட்டையில போட்டது நிஜம்."

"நான் புடிச்சிட்டம்லா மேடம். இப்ப நான் போய் வயரப் புடுங்குனா நான் தோத்தவன். அப்படித்தான?"

நான் உள்ளே நுழையப் பார்த்தேன். அவன் வாசலை மறித்துக்கொண்டான். மரியாதையாகத்தான் மறித்தான். "பயலுவ எப்படியெப்படியோ தூங்குதானுவ மேடம். உள்ள வராதீங்க." அவன் தோளுக்கு மேலே எனக்குத் தெரிந்தது. சுவரோரப் பாயில் ஒரு பையன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவன் காதுக்குப் பக்கத்தில், தலையணைமேல் மெஷினின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "தம்பி, நான் ஆசிரியர் பேசுறேன். தயவுசெஞ்சு அந்த அம்மா சொல்றதக் கேளுங்க" என்றார் சார். இசக்கிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "ரொம்ப மரியாதையாப் பேசுதாரு. நடிப்புப் பத்தல மேடம்."

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. "டேய் பொரியுருண்டை," என்றேன். "வாசல்ல நின்னு இளிக்கிற. உள்ள ஒருத்தன் காதுகிட்ட நெருப்ப வெச்சிட்டுத் தூங்குறான். இதுக்கும் நெட்டுதான் காரணமா? போடா, போய் ஸ்விட்சை அணைடா."

அவன் ஒரு நொடி நிமிர்ந்தான். மறுபடி சிரித்தான். "சூப்பர் மேடம். ஆனா இது எங்க லைன்ல எல்லாவனும் சொல்லுவான். எங்க சூப்பர்வைசரே சொல்லுவாரு."

பெரிசுக்கு எழுதுகிற எல்லாருக்கும் இதழில் பதில் போட இடம் இருக்காது. மற்றவர்களுக்கு நானே தபால் கார்டு எழுதிப் போடுவேன், பெரிசு பெயரில். இசக்கிமுத்து முன்பு ஒரு கடிதம் எழுதியிருந்தான். அது சட்டென்று நினைவுக்கு வந்தது.

"உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது," என்றேன். "ஞாயித்துக்கிழமை போன்ல பெரிசு பக்கத்த நீ வாசிச்சுக் காட்டுவ. அவங்க சிரிப்பாங்க. உன்னை யாரோ தட்டிக்கேக்க ஆள் இருக்குன்னு நிம்மதின்னு சொன்னாங்க. அப்படித்தானே எழுதின? உன்னைத் திட்டுற முதல் உரிமை அம்மாவுக்குத்தான், அவங்க பிரேக்ல போனா அந்த இடத்துல நிக்கிற ரிலீவர்தான் நான்னு உனக்குக் கார்டு வந்துச்சா இல்லையா?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "அது பெரிசு எழுதுனது," என்றான் மெதுவாக.

"நான்தாண்டா எழுதினேன். நான்தான் பெரிசு."

ஸ்பீக்கரில் சார், "ஸ்டெல்லாம்மா" என்றார்.

இசக்கிமுத்து வாசலை விட்டு விலகினான். உள்ளே ஓடி ஸ்விட்சை அணைத்து வயரைப் பிடுங்கினான். தூங்குகிறவனைக் காலைப் பிடித்து இழுத்தான். மெஷினைக் கையில் எடுக்கப் போனவனை, "அழுத்தாத, தட்டுல வை" என்று கத்தினேன். சாப்பாட்டுத் தட்டில் மெஷினைத் தள்ளி ஏந்திக்கொண்டு படியில் இறங்கினான். நான் முன்னால் எல்லாரையும் விலக்கிக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் எம்-சாண்ட் மணல் கொட்டியிருந்தது. அதன்மேல் கவிழ்த்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. வெயிலில் அது சும்மா கிடந்தது. ரூம் பையன்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார்கள். கடைக்கார அம்மாவும் வந்துவிட்டார். இசக்கிமுத்து என்னைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான். "ஒண்ணும் ஆவலியே மேடம்," என்றான். அந்தப் பழைய சந்தேகம் மறுபடி அவன் முகத்தில் ஏறுவது எனக்குத் தெரிந்தது. குனிந்து கையை நீட்டினான். நான் அவன் பனியனைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். விழுந்த இடத்திலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டேன், குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சீறுமே, அந்த மாதிரி. வெள்ளையாகப் புகை கிளம்பியது. பிறகு நெருப்பு. பிளாஸ்டிக் உருகி மணலில் ஒட்டியது.

பாயில் படுத்திருந்த பையன் கையில் தலையணையோடு இறங்கி வந்திருந்தான். அந்த உறையைத் தொட்டுப் பார்த்தேன். இஸ்திரி போட்டு எடுத்த துணி போலச் சுட்டது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

அலுவலகம் திரும்பியதும் சாரிடம் சொன்னேன், அடுத்த இதழில் முன்னட்டையில் என் படத்தையும் பெயரையும் போட்டு, பெரிசு நான்தான், அந்த எச்சரிக்கை உண்மை என்று எழுத வேண்டும் என்று. விற்ற ஆள் வேறு யாருக்கெல்லாம் அதே மெஷினைத் தள்ளியிருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் வாசகர்களிடமும் இருக்கலாம்.

"உங்க பேரைப் போட்டா பெரிசு போயிடுவாரும்மா," என்றார் சார்.

"போகட்டும் சார்."

அவர் எழுந்து ஃபேன் பக்கம் போனார். ஸ்விட்சில் கையை வைத்தார். நிறுத்தாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். "படம் எடுக்க ஆளை வரச் சொல்லுங்க," என்றார்.

இதழ் வந்தது. இந்த முறை ஒருவரும் 'புடிச்சிட்டேன்' என்று எழுதவில்லை. எங்களிடம் பரிசு வாங்காதவர்கள்கூடக் கடையில் வாங்கிய அதே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அலுவலக வாசலில் மண் நிரப்பிய பக்கெட்டில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். மாசப் பொய்யை சார் அத்தோடு நிறுத்திவிட்டார். பெரிசு பக்கம் மட்டும் என் பெயரில் தொடர்ந்தது.

ஆனால் கடிதங்கள் மாறிவிட்டன. 'மரியாதைக்குரிய ஸ்டெல்லா அம்மா அவர்களுக்கு' என்று ஆரம்பித்தார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒருவனும் வம்புக்கு இழுக்கவில்லை, ஒருவனும் தோற்றதற்கு நெட்டைக் குறை சொல்லவில்லை. நான் திட்டிப் பார்த்தேன். 'மன்னிக்கவும் அம்மா' என்று பதில் வந்தது. இசக்கிமுத்துவும் அப்படித்தான் எழுதினான்.

ஒரு சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூரில் குன்றத்தூர் பஸ் ஏறினேன். கூட்டம். பின்னால் கம்பெனி அடையாள அட்டை தொங்கப் பையன்கள் நாலைந்து பேர் நின்றும் உட்கார்ந்தும் கேமைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவன் தோற்றுவிட்டு ஏதோ சாக்குச் சொல்ல, இன்னொருவன் துண்டைத் தோளில் போடுகிற மாதிரி பாவனை செய்து, "டேய் பொரி" என்று ஆரம்பித்தான். பக்கத்தில் நின்றவன் என்னைப் பார்த்துவிட்டான். அவன் விலாவில் இடித்து, "டேய், அம்மா கீறாங்கடா. சும்மா இரு" என்றான். எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து, "உக்காருங்கம்மா" என்று இடம் கொடுத்தான்.

உட்கார்ந்தேன். குன்றத்தூர் வரும்வரை அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். மறுநாள் காலை ராஜினாமாவை சாரின் மேஜையில் வைத்தேன்.